கழுத்துத் தங்கமும் மண்ணுக்குள் தங்கமும்

டொரண்டோவில் நம்மாட்கள் கூடினாலே சின்னத் தங்கக் கம்பெனி ஷேர் பேச்சுதான். மனைவி நகையை அடகு வைத்து வாங்கலாமான்னு நண்பர் கேட்டார். உதியன்குளங்கரையில் எங்கம்மா சிட்டி கட்டிச் சேர்த்த பவுன் ஞாபகம் வந்தது.

பேங்க்காரன் சொல்றேன், கேளுங்க. இதெல்லாம் சுரங்கமே இல்லை. மண்ணைத் துளைத்துப் பார்க்கிற கம்பெனிகள். வருமானம் கிடையாது. காசு தீர்ந்தால் புது ஷேர் விடுவார்கள், உங்க பங்கு கரையும். தங்கம் கிடைக்காவிட்டாலும் நிர்வாகிகளுக்குச் சம்பளம் உண்டு!

1880 வாக்கில் நம்ம கூடலூர்ப் பக்கம் தேவாலா, பந்தலூர் தங்கத்தை நம்பி லண்டனில் கம்பெனிகள் முளைத்தன. சில வருஷத்தில் காலி. 1997-ல் பிரீ-எக்ஸ்: இந்தோனேசிய மண் மாதிரியில் தங்கத்தூளைக் கலந்திருந்தார்கள். ஒரு காலத்தில் 600 கோடி டாலர் மதிப்பிருந்த கம்பெனி, குப்பையாச்சு.

உரசிப் பார்க்காமல் ஒரு மோதிரம் வாங்குவீங்களா? பிறகு இது மட்டும் எப்படி? கழுத்தில் கிடப்பதைக் கொடுத்து, இருக்கா இல்லையான்னே தெரியாததை வாங்குவது முதலீடில்லை சாமி, சூதாட்டம்.