சிலம்பின் உள்ளே இருந்த உண்மை

அணியிலக்கணம் தேர்வுக்காக மனப்பாடம் செய்யவேண்டிய பகுதி என்றே மாணவர் பலர் கருதுகின்றனர். செய்யுளுக்கு அழகூட்டுவது மட்டுமே அணியின் பணி என்பது அவர்தம் எண்ணம். இக்கருத்து முழுமையானதன்று. கண்ணுக்குத் தெரியும் தோற்றத்தின் பின்னே மறைந்துள்ள உண்மையை உணர்த்துவதும் அணியின் பணியேயாகும். இதற்குச் சிலப்பதிகாரம் சிறந்த சான்று. நாடகக் காப்பியம் என்று போற்றப்படும் இந்நூலின் மதுரைக் காண்டம், ஒரு துன்பியல் நாடகமாகவே விரிகிறது.

தில்லிச் செங்கோட்டையின்மேல் மூவண்ணக் கொடி காற்றில் ஆடுவதை மாணவர் கண்டிருப்பர். காற்று வீசினால் கொடி ஆடுவது இயல்பு. மதுரையின் மதில்மேல் கொடிகள் ஆடியதும் அவ்வாறே. இளங்கோவடிகளோ, கோவலனையும் கண்ணகியையும் உள்ளே வரவேண்டா என்று அக்கொடிகள் கைகாட்டித் தடுப்பதாகப் பாடுகிறார். இயல்பான நிகழ்ச்சியின்மேல் புலவர் தம் குறிப்பை ஏற்றிக் கூறுவதால் இது தற்குறிப்பேற்ற அணி ஆயிற்று. இழந்த பொருளை ஈட்டலாம் என்று நம்பி வருவோர்க்கு மதுரை வளமான நகரம். அணியின் பொருளை உணர்ந்தவர்க்கோ அது கொலைக்களம். ஷேக்ஸ்பியரின் 'மாக்பெத்' நாடகத்தில் டங்கன் மன்னன், தான் கொல்லப்படவிருக்கும் கோட்டையின் இனிய சூழலைப் புகழ்ந்துகொண்டே வருகிறான். கதைமாந்தர் அறியாததைப் படிப்பவர் அறிவதனால் துயரம் மிகுகிறது. இதனை நாடக முரண் என்பர்.

தோற்றத்தை உண்மையென நம்பும் பிழை புகாரிலேயே தொடங்கிவிட்டது. கடற்கரையில் மாதவி, வேறொருவனை நினைப்பவள் போலப் பாடினாள். அது பாட்டின் பாவனை என்று உணராத கோவலன் அவளைப் பிரிந்தான்.

இப்பிழையின் முழு வடிவமே சிலம்பு. கோப்பெருந்தேவியின் சிலம்பும் கண்ணகியின் சிலம்பும் புறத்தே ஒத்திருந்தன. ஒன்றின் உள்ளே இருந்தவை முத்துப் பரல்கள். மற்றொன்றின் உள்ளே இருந்தவை மாணிக்கப் பரல்கள். அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லன், நல்லவன் போல் வந்து கோவலன்மேல் பழி சுமத்தினான். பாண்டியன் நெடுஞ்செழியன் அச்சொல்லை நம்பினான். கண்ணகி தன் சிலம்பை உடைத்தபோது மாணிக்கம் தெறித்தது. தன் பிழையை உணர்ந்த மன்னன் அரியணையிலேயே உயிர் துறந்தான்.

கோவலன் மாண்டது ஊழ்வினையால் என்று கூறுவர். காப்பியமும் அதனை வலியுறுத்துகிறது. ஆயினும் ஊழைக் காட்டி மன்னனின் பொறுப்பை மறைத்தல் தகாது. கோவலன் அந்நகருக்குப் புதியவன். மன்னன் அவனை அழைத்து ஒரு வினாவும் கேட்கவில்லை. சிலம்பைச் சோதிக்கவும் இல்லை. கண்ணகி கேட்ட நீதியை முன்னரே ஆராய்ந்து வழங்கியிருந்தால் ஓர் உயிர் பிழைத்திருக்கும்.

ஆகவே, பாட்டில் அணியைக் கண்டறிவதோடு மாணவர் நின்றுவிடலாகாது. அது எந்த உண்மையைக் காட்டுகிறது என்று வினவுதல் வேண்டும். அவ்வாறு வினவிப் பழகியவர், ஊருக்குப் புதியவர் ஒருவர்மேல் பழி எழும்போதும் ஆராயாமல் தீர்ப்பளிக்கமாட்டார்.