ஐந்தில் ஒரு நாள்



புரட்டாசி பிறந்துவிட்டது. இனி சனிக்கிழமைகளில் ஸ்ரீபெரும்புதூர் ஆதிகேசவப் பெருமாள் கோயில் பக்கம் கால் வைக்க இடம் இருக்காது. அடுத்து ஆயுத பூஜை, தீபாவளி என்று வீட்டுக்கு வீடு காலண்டரைப் புரட்டி லீவுக் கணக்குப் போடும் நேரம் இது. ஆனால் மாதப் பிறப்பை ஒட்டி, செப்டம்பர் 17 அன்றே, மண்ணூர்ப் பக்கத்துப் பட்டறைகள் சிலவற்றில் ஒரு பூஜை நடந்து முடிந்துவிட்டது. நம்மில் பலர் கவனித்திருக்க மாட்டோம். அது விஸ்வகர்மா பூஜை. பீகார், ஜார்க்கண்ட், வங்காளம், ஒடிசாவிலிருந்து வந்த பையன்கள் லேத் மெஷினைத் துடைத்து, சாமந்திச் சரம் சார்த்தி, பூந்தி வாங்கி எல்லோருக்கும் கொடுத்தார்கள். சில வாரம் போனால் அதே மெஷினுக்கு நாம் சந்தனம் குங்குமம் வைத்து ஆயுத பூஜை போடுவோம். பட்டறை முதலாளி ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “என் மெஷினுக்கு வருஷத்துக்கு ரெண்டு பூஜை சார். கண்ணு படாது!”

எல்லாப் பண்டிகைக்கும் இப்படி இடம் கிடைத்துவிடுவதில்லை. இந்த மாதம் அதைப் பற்றித்தான் உங்களோடு பேச வேண்டும்.

நம் பக்கத்துக்கு வெளியூர்க்காரர்கள் வருவது புதிதல்ல. 1996-ல் ஹூண்டாய் வந்தது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் சான்ட்ரோ சாலையில் இறங்கியது. கொரியர்கள் வந்தார்கள், கூடவே கிம்ச்சியும் வந்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ நிசான் ஆலை திறந்ததும் ஜப்பானியர்கள் வந்தார்கள். அவர்கள் ருசிக்குச் சமைக்க ஹோட்டல்கள் முளைத்தன. அவர்கள் எழுத்தில் பெயர்ப்பலகை வைத்தோம். கோட்டு போட்டு வந்தவருக்குச் செய்த இந்த உபசாரத்தை, ரயிலில் பை சுமந்து வந்தவருக்கு நாம் செய்யவில்லை. அவருக்குக் கிடைத்தது லைன் வீட்டில் ஓர் அறை. அதிலும் பகல் ஷிப்டுக்காரர் எழுந்து போன பாயில் நைட் ஷிப்டுக்காரர் படுக்க வேண்டும்.

ஆனாலும் ஊர் அவர்களோடு வந்துவிட்டது. மளிகைக்கடையில் நல்லெண்ணெய்க்குப் பக்கத்தில் கடுகெண்ணெய் பாட்டில் நிற்கிறது. வறுத்த கொண்டைக்கடலையை அரைத்த ‘சத்து’ என்ற மாவு கிலோக் கணக்கில் போகிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனால், சுவரில் சாய்ந்தபடி ஒவ்வொருவரும் வீட்டுக்கு வீடியோ கால் போட்டுக்கொண்டிருப்பார்கள். அந்தப் பக்கம் அம்மா கேட்கும் முதல் கேள்வி எந்த பாஷையில் இருந்தாலும் நமக்குப் புரியும்: சாப்பிட்டாயா?

பண்டிகை நாள்தான் அவர்களுக்குப் பெரிய சிக்கல். மேற்கு ஒடிசாக்காரர்களுக்கு நுவாகாய் என்றால் நம் பொங்கல் மாதிரி. புது அரிசியைக் குலதெய்வத்துக்குப் படைத்து, குடும்பம் முழுக்க ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டு, சின்னவர்கள் பெரியவர்கள் காலில் விழுந்து ஆசி வாங்கும் நாள். அது வருவது விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள். நமக்கு முதல் நாள் லீவு விட்டு, மறுநாள் காலை கம்பெனி பஸ் சரியான நேரத்துக்கு வந்து நிற்கும். நுவாகாய் அன்று அந்தப் பையன் அசெம்பிளி லைனில் நின்றிருப்பான்.

பீகார்க்காரர்களின் சட் பூஜையும் அப்படித்தான். தீபாவளிக்கு ஆறாம் நாள் சாயங்காலம் தண்ணீரில் இறங்கி நின்று, மறையும் சூரியனுக்கு அர்க்கியம் விடுவார்கள். மறுநாள் விடியலில் உதிக்கும் சூரியனுக்கு. விரதம் இருப்பவர், பெரும்பாலும் வீட்டுப் பெண், ஏறக்குறைய 36 மணி நேரம் பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டார். இதில் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஐப்பசி வளர்பிறையின் அதே சஷ்டியில்தான் நம் முருகன் கோயில்களில் சூரசம்ஹாரம். ஆறு நாள் விரதம் இருந்து திருச்செந்தூர்க் கடற்கரையில் நம்மவர்கள் நிற்கும் அதே மாலையில், கங்கைக் கரையில் அவர்கள் நிற்கிறார்கள். ஒரே திதி, இரண்டு பக்கமும் விரதம். நம் ஊரில் அடுத்த வீட்டில் இருந்துகொண்டு இது தெரியாமலே இத்தனை வருஷம் ஓடிவிட்டது.

சென்ற ஆண்டு சட் சமயத்தில் ஒரு லைன் வீட்டு வாசலில் தேக்குவா சுடுவதைப் பார்த்தேன். கோதுமை மாவில் வெல்லமும் நெய்யும் சேர்த்துக் கெட்டியாகப் பிசைந்து, தட்டிப் பொரிக்கும் பலகாரம். ஊரில் அதற்கென்று பூவேலை செய்த மர அச்சு இருக்குமாம். இங்கே அது ஏது? டீ வடிகட்டியைக் கவிழ்த்து அதன் வலையில் மாவை அழுத்தினார் அந்தப் பெண். அழகாகக் கட்டம் விழுந்தது. கணவருக்கு மறுநாள் காலை ஷிப்ட். விடியல் அர்க்கியத்துக்கு அவர் உடன் நிற்க மாட்டார் என்பது அந்தப் பெண்ணுக்கு முன்பே தெரியும்.

“ஊருக்குப் போய்விட்டு வரலாமே” என்று சொல்வது சுலபம். டிக்கெட் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். பண்டிகைக் காலத்தில் திறந்த வேகத்தில் வெயிட்டிங் லிஸ்டுக்குப் போய்விடும். போக இரண்டு நாள், வர இரண்டு நாள். கான்ட்ராக்டில் இருப்பவருக்கு வேலை இல்லாத நாளுக்குக் கூலியும் இல்லை.

உலகெங்கும் இதே கதைதான். துபாயில் நர்ஸாக இருக்கும் நம் வாசகி ஒருவர் தன் பிலிப்பைன்ஸ் தோழிகளைப் பற்றி எழுதியிருந்தார். செப்டம்பர் பிறந்ததுமே அவர்களுக்கு கிறிஸ்துமஸ் பாட்டு தொடங்கிவிடுமாம். டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாள், விடிவதற்கு முன் எழுந்து திருப்பலிக்குப் போவது அவர்கள் ஊர் வழக்கம். நம் மார்கழி பஜனை போலத்தான். பூசை முடிந்ததும் கோயில் வாசலில் வாழையிலையில் சுட்ட அரிசி மாவு அடை சுடச்சுடக் கிடைக்கும். வளைகுடாவில் விடியலில் வேலைக்குப் போக வேண்டும். அதனால் அந்தத் திருப்பலியை மாலைக்கு மாற்றிக்கொண்டார்கள். துபாய் புனித மரியன்னை ஆலயத்தில் தகலோக் மொழிக்கும் ஒரு பூசை, தமிழுக்கும் ஒரு பூசை. அமீரகத்தில் வெள்ளிக்கிழமை வாரவிடுமுறையாக இருந்த வரை, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வெள்ளியன்றே கூடும். எங்கே இடைவெளி கிடைக்கிறதோ அங்கே சாமியைக் கூட்டிவந்துவிடுகிறார்கள், பாவம்.

நமக்கும் இந்த ஏக்கம் தெரியும். சிங்கப்பூரில் தைப்பூசம் ஒரு காலத்தில் பொது விடுமுறை. 1968-ல் பட்டியலைச் சுருக்கியபோது அது போய்விட்டது. அங்குள்ள தமிழர்கள் இன்றும் சொந்த லீவு போட்டுத்தான் காவடி எடுக்கிறார்கள். திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டும் இருக்கிறார்கள். கோலாலம்பூரில் 2008-ல் தைப்பூசத்துக்கு விடுமுறை அறிவித்தபோது பத்துமலைப் பக்தர்களுக்கு எவ்வளவு சந்தோஷம்! அங்கே கேட்கிற நாம், இங்கே கொடுக்கிற இடத்தில் இருக்கிறோம்.

நம் ஸ்ரீபெரும்புதூர், ஊரை விட்டுப் போன ஒருவரைப் பெற்ற ஊர். 1017-ல் இங்கே அவதரித்த ராமானுஜர் திருவரங்கம் போனார். சோழ நாட்டில் நெருக்கடி வந்தபோது மேல்கோட்டையில் தங்கினார். அங்கிருந்து அவர் கிளம்பியபோது பிரிவு தாளாத அடியார்களுக்காகத் ‘தமர் உகந்த திருமேனி’ அங்கே நிறுவப்பட்டது. பிறந்த ஊர்க்காரர்களுக்கோ, அவரே தழுவி அனுப்பிய ‘தான் உகந்த திருமேனி’ வந்து சேர்ந்தது என்பார்கள் பெரியோர். அந்நியராக வந்தவரை ஓர் ஊர் பிரியவே மனமில்லாமல் வழியனுப்பியது. அந்தக் கதையை ஆண்டுதோறும் கேட்கிற ஊர் நாம்.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். 1958-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் (தேசிய, பண்டிகை விடுமுறைகள்) சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாளும் கட்டாய விடுமுறை. அதற்கு மேல் ஐந்து நாள் பண்டிகைக்கு. அந்த ஐந்தும் எவை என்பதை நிர்வாகத்தையும் தொழிலாளர்களையும் கலந்தே முடிவு செய்ய வேண்டும் என்கிறது சட்டம். பொங்கலையும் தீபாவளியையும் யாரும் தொட வேண்டாம். ஆனால் வடக்கத்திப் பையன்கள் நிறையப் பேர் வேலை செய்யும் இடத்தில், மிச்சத்தில் ஒரு நாளைப் பற்றி அவர்களையும் கேட்கலாமே? அதுவும் முடியாவிட்டால், சூப்பர்வைசர்கள் அன்று ஒரு ஷிப்ட் மாற்றிக் கொடுக்கலாம். சட் விடியல் அர்க்கியத்தன்று காலை ஷிப்டை மதியமாக்கினால் ஒரு குடும்பம் சூரியனைச் சேர்ந்து கும்பிடும். நம்மவர் ஒருவர் அந்த ஷிப்டை வாங்கிக்கொண்டால், நம் வீட்டு விசேஷத்தன்று அந்தப் பையன் நமக்காக நிற்பான். லைன் வீட்டுச் சொந்தக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: அன்று விடியற்காலை தண்ணீர் மோட்டாரைக் கொஞ்சம் முன்னதாகப் போட்டு விடுங்கள்.

அடுத்த ஆண்டுக்கான விடுமுறைப் பட்டியல் இன்னும் சில வாரங்களில் தயாராகிவிடும். நோட்டீஸ் போர்டில் ஒட்டிய பிறகு பேசிப் பயனில்லை. கமிட்டியில் இருப்பவர்கள் இந்த மாதமே வாயைத் திறவுங்கள். உங்கள் கம்பெனியில் ஏற்கெனவே இப்படி ஏதாவது செய்கிறார்கள் என்றால் எங்களுக்கு எழுதுங்கள். தீபாவளி மலரில் வெளியிட்டு மற்றவர்கள் காதிலும் போடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்