விரைவாட்டத்தில் சிந்தனை எங்கே நிகழ்கிறது?

கணினி ஆட்டங்களைப் பற்றிக் கல்விப்புலத்தில் பேச்செழும்போதெல்லாம் ஒரு தரவரிசை கேள்வியின்றி வந்து அமர்ந்துகொள்கிறது. சிவிலைசேஷன் போன்று ஒருவர் மாற்றி ஒருவர் காய் நகர்த்தும் உத்தி ஆட்டங்கள் அறிவுக்குரியவை. ஸ்ட்ரீட் ஃபைட்டர், டெக்கன் போன்ற சண்டை ஆட்டங்கள் வெறும் கைப்பழக்கம். முன்னதை ஆடும் மாணவர் வரலாறு பயில்கிறார் என்பார்கள். பின்னதை ஆடுபவர் பொத்தானைத் தட்டுகிறார் என்பார்கள். இந்த வரிசை பிழையானது. விரைவைச் சிந்தனைக்குப் பகையாக வைக்கும் பழைய பழக்கமே அப்பிழையின் வேர்.

சண்டை ஆட்டம் எவ்வாறு இயங்குகிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். திரையில் நொடிக்கு 60 சட்டகங்கள் ஓடுகின்றன. மெல்லிய குத்து ஒன்று ஏறத்தாழ 4 சட்டகங்களில் எதிராளியைத் தொட்டுவிடும். கண் கண்டதற்குக் கை வினையாற்ற மனிதருக்குக் குறைந்தது 12 சட்டகங்களாவது தேவை. ஆக, அந்தக் குத்தைப் பார்த்துத் தடுப்பது எவராலும் இயலாது. தேர்ந்த ஆட்டக்காரர் அதை முன்பே கணித்திருக்கிறார்: இடைவெளி, எஞ்சிய உயிர்க்கோடு, நெருக்கடியில் எதிராளி என்ன செய்வார் என்ற நினைவு ஆகியவற்றைக் கொண்டு. அடியைத் தடுப்பு வெல்லும், தடுப்பைப் பிடி வெல்லும், பிடியை அடி வெல்லும். சதுரங்கத்தில் எல்லாம் பலகையில் விரிந்து கிடக்கிறது. இங்கோ இருவரும் ஒருவர் முடிவை மற்றவர் அறியாமல் ஒரே கணத்தில் முடிவெடுக்கிறார்கள். ஆட்டக் கோட்பாட்டைப் பாடமாக நடத்துவோருக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

2004ஆம் ஆண்டு கலிஃபோர்னியாவில் நடந்த இவோ போட்டியில், ஏறக்குறைய உயிரற்ற நிலையிலிருந்த டைகோ உமேஹாரா, ஜஸ்டின் வோங்கின் 15 அடித் தொடரை ஒவ்வோர் அடியாக ஏந்தித் திருப்பி ஆட்டத்தை வென்றார். அது மின்னல் வேகம் என்று வியக்கப்படுகிறது. ஆனால் முதல் அடியை ஏந்த, அத்தொடர் வரும் என்று முன்கூட்டியே ஊகித்திருக்க வேண்டும். வியப்பதற்குரியது அந்த ஊகம்தான்.

இதே தரவரிசை கணினி பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே வேறிடங்களில் இயங்கியிருக்கிறது. மாதேஸ்வரன் மலையை எடுத்துக்கொள்ளலாம். சேலம், ஈரோடு, தருமபுரிப் பக்கத்து அடியார்களும் ஏறிச்செல்லும் அம்மலையின் தேவரகுட்டர்கள் கம்சாளெ என்னும் வெண்கலத் தாளத்தைக் கொண்டு இரண்டு கலைகளை வளர்த்தார்கள். ஒன்று, அமர்ந்து இரவெல்லாம் மாதேஸ்வரரின் கதையைப் பாடுவது. மற்றது பீசு கம்சாளெ: ஒரு கையில் கிண்ணத் தாளம், மறு கையில் கயிற்றில் கட்டிய தட்டு, அதை உடலைச் சுற்றி வீசி, அருகிலிருப்பவரின் கிண்ணத்திலும் தாளம் தவறாமல் தட்டும் வேக ஆட்டம். கணிப்பு ஒரு நூல் பிசகினால் உலோகம் உடலில் படும். பாடலுக்கு அறிஞர் உலகம் மதிப்பளித்தது, காப்பியமாகத் தொகுத்தது, சாகித்திய அகாதமி 2001இல் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டது. அனைத்தும் நற்பணிகள். வீசாட்டமோ பெரும்பாலும் விழா மேடைகளின் வண்ணக் காட்சியாகவே அறியப்படுகிறது. சொல்லாக வந்ததை அறிவென்றும், உடலாக வந்ததைக் கேளிக்கை என்றும் பிரித்த கைதான், இன்று சிவிலைசேஷனைப் பாடத்திட்டத்தின் அருகிலும் டெக்கனை வாசலுக்கு வெளியிலும் வைக்கிறது.

இரண்டுக்கும் வேறுபாடே இல்லையா என்றால், உண்டு. அது காலத்தைச் சார்ந்தது. ஆடுபுலியில் 3 புலி, 15 ஆடு. பாறையில் கீறிய கோடும் கூழாங்கற்களும் போதும். யோசிக்கும் நேரத்தை ஆட்டமே தருகிறது. முதன்முறை அமரும் சிறுமியும் அங்கேயே சிந்திக்கத் தொடங்கலாம். சண்டை ஆட்டம் அந்த நேரத்தை முன்பணமாகக் கேட்கிறது. ஆயிரக்கணக்கான மணிநேரப் பயிற்சியை ஏற்கெனவே செலுத்தியவருக்கே அந்த 4 சட்டகங்களில் சிந்திக்க வாய்க்கிறது. இணையவழி ஆடினால், 100 மில்லிநொடித் தாமதம் என்பது 6 சட்டக இழப்பு. நகரத்து ஒளியிழை இணைப்பில் ஆடுபவரும், சமிக்ஞை வந்துபோகும் மலையூரில் ஆடுபவரும் ஒரே ஆட்டத்தை ஆடவில்லை. சண்டை ஆட்டங்கள்மீது வைக்கத்தக்க கடுமையான விமர்சனம் இதுவே. சிந்தனை இல்லை என்ற எளிய குற்றச்சாட்டு இதை மறைத்துவிடுகிறது.

சதுரங்கத்திற்கு விரைவு வந்தபோது எவரும் அதை அறிவிலிருந்து நீக்கவில்லை என்பதையும் நினைக்க வேண்டும். விஸ்வநாதன் ஆனந்தின் வேகம் மேதைமையின் அடையாளமாகவே போற்றப்பட்டது. 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் சதுரங்கமும் ஸ்ட்ரீட் ஃபைட்டரும் ஒரே பதக்கப் பட்டியலில் இடம்பெற்றன. இந்தியா இரண்டுக்கும் வீரர்களை அனுப்பியது.

சண்டை ஆட்டக்காரர்கள் ஒவ்வோர் அசைவும் எத்தனை சட்டகத்தில் தொடங்கி எத்தனையில் ஓய்கிறது என்று தாமே அளந்து அட்டவணைகள் தொகுத்திருக்கிறார்கள். பல்கலைக்கழகம் எதுவும் கேட்காமலே, கையறிவை எழுத்தாக்கிய பெருந்தொகுப்பு அது. பீசு கம்சாளெயின் வீச்சுகளை அவ்வாறே அளந்து எழுதுவது ஒரு முனைவர் பட்ட ஆய்வுக்குத் தாராளமாகப் போதுமான பொருள். மேற்பார்வையிட நாட்டார் வழக்காற்றியல் துறை முன்வருமா, கணினி அறிவியல் துறை முன்வருமா என்பதே கேள்வி.