வெள்ளைக் கற்களும் வெளிறிய கெண்டைகளும்



நல்லெண்ணத்தோடு செய்யும் செயலும் சில வேளைகளில் தீங்காக முடிவதுண்டு. அத்தகைய நமது பிழையொன்றையே இம்மாதம் உங்கள் முன் வைக்கிறோம்.

நாயுடுபுரத்தில் நமக்கு நெருங்கிய குடும்பம் ஒன்று உள்ளது. அவ்வீட்டுச் சிறுவன் புதுநன்மை பெற்ற நாளில், அவனுடைய தாய்மாமன் கண்ணாடி மீன்தொட்டி ஒன்றைப் பரிசளித்தார். பெரியகுளம் பக்கத்து வாய்க்காலில் பிடித்த ஆறு கெண்டைகளையும் நான்கு அயிரைகளையும் அதில் விட்டார். தொட்டியின் தரைக்கென்று நாம் ஒரு பை நிறைய வெள்ளைக் கற்களைக் கொடுத்தோம். பால் போன்ற தரையின்மேல் மீன்கள் பளிச்சென்று தெரியும் என்பது நம் எண்ணம்.

ஆடி மாதத்துச் சாரலில் மீண்டும் அவ்வீட்டுக்குச் சென்றபோது, பையனின் முகம் வாடியிருந்தது. கெண்டைகளின் வாலருகே மைப்பொட்டு வைத்தாற்போல் இருந்த கரும்புள்ளி சாம்பல் நிறமாக மங்கிவிட்டது. உடலும் வெளிறிவிட்டது. அவை தொட்டியின் ஒரு மூலையில் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. நோய் என்று எண்ணிய தகப்பனார் கடையில் வாங்கிய மருந்தை ஊற்ற, மறுநாள் இரண்டு கெண்டைகள் செத்து மிதந்தன. "நான் சரியாகக் கவனிக்கவில்லை என்று மாமா கோபிப்பாரோ?" என்று சிறுவன் நம்மிடம் கேட்டான்.

குளிர் காரணமோ என்று முதலில் ஐயுற்றோம். கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள ஊரில் சமவெளி மீன்கள் வாடுவது இயல்பே. ஆனால் தொட்டியில் ஹீட்டர் இருந்தது. நீரும் 24 டிகிரி வெப்பத்தில் இருந்தது. உணவிலும் குறையில்லை. அப்போது அடுக்களையிலிருந்து வந்த பாட்டியம்மாள், "வெள்ளை விரிப்பில் உட்கார வைத்த பிள்ளை மாதிரி கூசிக்கொண்டு நிற்கிறதே!" என்றார்கள். விடையின் பாதி அச்சொல்லிலேயே இருந்தது.

மீனின் தோலில் கருநிறப் பொருளைத் தாங்கிய நுண்ணிய உயிரணுக்கள் உள்ளன. ஒவ்வோர் அணுவும் பல கிளைகள் கொண்ட விண்மீன் வடிவில் இருக்கும். கருநிறத் துகள்கள் அக்கிளைகளெங்கும் பரவினால் மீன் கறுக்கும். அணுவின் நடுவே ஒடுங்கினால் வெளுக்கும். இதற்குக் கட்டளை கண்ணிலிருந்து புறப்படுகிறது. மேலிருந்து விழும் ஒளியையும் தரையிலிருந்து திரும்பி வரும் ஒளியையும் மீனின் கண் ஒப்பிடுகிறது. தரை வெண்மையானால் திரும்பும் ஒளி மிகுதி. உடனே உடல் வெளுக்கத் தொடங்குகிறது. பார்வையிழந்த மீன் தரைக்கேற்ப நிறம் மாற்றும் திறனை இழந்துவிடும் என்பதை 1870-களில் பிரான்சு நாட்டு அறிஞர் பூஷே கண்டறிந்தார். பின்னர் தேனீக்களின் நடன மொழியை விளக்கி 1973-இல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வான் ஃபிரிஷ் என்பவரும், தம் இளமையில் ஆற்று மீன்களின் இந்நிற மாற்றத்தையே ஆராய்ந்தார். உடலை வெளுக்கச் செய்யும் சுரப்புநீர் ஒன்றை, 1983-இல் ஜப்பானிய ஆய்வாளர் கவாவுச்சி குழுவினர் சால்மன் மீனின் மூளையடிச் சுரப்பியிலிருந்து பிரித்தெடுத்தனர்.

இம்மாற்றம் இரு படிகளில் நிகழ்கிறது. துகள்கள் பரவுவதும் ஒடுங்குவதும் சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ முடிந்துவிடும். அதே தரையின்மேல் மீன் பல வாரங்கள் வாழ நேர்ந்தால், கருநிற அணுக்களின் எண்ணிக்கையே குறையவோ கூடவோ செய்யும். அதனால்தான் நெடுநாள் வெளுத்த மீன் ஒரே நாளில் பழைய நிறம் பெறுவதில்லை.

படைப்பில் இவ்வேற்பாடு அழகுக்காக மட்டும் அமைந்ததன்று. கொக்கும் மீன்கொத்தியும் மேலிருந்து நோக்குகின்றன. 1930-களில் அமெரிக்க அறிஞர் சம்னர், கொசுப்புழு தின்னும் கம்பூசியா மீன்களைக் கருந்தொட்டியிலும் வெண்தொட்டியிலும் வளர்த்து, பின் பறவைகளுக்கு எதிரே விட்டுப் பார்த்தார். தரையின் நிறத்தோடு ஒத்திருந்த மீன்களைவிட ஒவ்வாதிருந்தவையே மிகுதியாக இரையாயின. ஆகவே வெளிறிய மீன் நோயுற்ற மீன் அன்று. ஒளிந்துகொள்ள முயலும் மீன். ஆனால் வெண்தரையோடு கடைகளில் விற்கும் கூரிய விளக்கொளியும் சேர்ந்து, நிழலும் செடியும் இல்லாதபோது, அஞ்சிய மீன் மூலையில் ஒடுங்கி உணவையும் மறுக்கிறது.

இதனைப் பையனே சோதித்தறியட்டும் என்று, வெள்ளை எனாமல் கிண்ணம் ஒன்றையும் கறுப்பு வாளி ஒன்றையும் கொண்டுவரச் சொன்னோம். இரண்டிலும் அதே தொட்டி நீரை ஊற்றி, ஒவ்வொன்றிலும் இரண்டு கெண்டைகளை விட்டோம். அரை மணி நேரத்தில் வாளியிலிருந்தவற்றின் புள்ளி சற்றே கறுத்தது. இடம் மாற்றி விட்டோம். நிறமும் இடம் மாறியது. நீர் ஒன்றே, வெப்பம் ஒன்றே, தரை மட்டுமே வேறு. "அப்படியானால் இவற்றுக்கு நோயே இல்லையா?" என்று பையன் கேட்டான். இல்லை என்றோம். தகப்பனார் தலைகுனிந்தார். உண்மையில் குனிய வேண்டியது நம் தலையே என்பது அடுத்த சோதனையில் புலப்பட்டது.

நாம் கொடுத்த கற்களில் ஒன்றின்மேல் எலுமிச்சைச் சாறு பிழிந்தோம். நுரை பொங்கியது. அது பளிங்குக் கல்! சுண்ணாம்புச் சத்துள்ள இக்கல் நீரில் மெல்லக் கரைந்து நீரைக் கடினமாக்கும். மலையின் மென்னீரில் இம்மாற்றம் இன்னும் தெளிவாகத் தெரியும். ஆக, நம் பரிசு மீன்களுக்கு இருவகையில் தொல்லையாயிற்று. "தம்பி, குற்றம் உன்னுடையதன்று, எங்களுடையது" என்று பாட்டியம்மாள் முன்னிலையிலேயே அவனிடம் சொன்னோம்.

கற்களைச் சிறிது சிறிதாக நான்கு நாட்களில் அகற்றினோம். நீர் தெளியும்வரை கழுவிய பழுப்பு நிற ஆற்று மணலை இரண்டு விரற்கடை உயரத்திற்குப் பரப்பினோம். தொட்டியின் பின்புறம் கருந்தாள் ஒட்டி, ஒரு பக்கம் செடிகளை நட்டோம். அயிரைகளுக்கு இம்மணல் பெருவரமாயிற்று. மதுரைப் பக்கத்தில் குழம்பு வைத்துப் புகழும் இச்சிறு மீன், மணலில் புதைந்து கண்களை மட்டும் வெளியே காட்டும் இயல்புடையது. கூர்மையான கல் அதன் மீசைகளைக் காயப்படுத்தும். மூன்று வாரங்களுக்குப் பின் சென்றபோது, கெண்டைகளின் புள்ளி மீண்டும் மையாகியிருந்தது. அவை தொட்டி முழுதும் உலவின.

வாசகர்களுக்குச் சில சொற்கள். எல்லா மீனுக்கும் கருந்தரையே ஏற்றது என்று விதி வகுத்துவிடாதீர்கள். அந்தந்த மீன் பிறந்த ஓடையின் தரையைப் போலச் செய்வதே நல்வழி. நம் ஆற்று மீன்களுக்குப் பெரும்பாலும் பழுப்பு மணலும் கூழாங்கல்லும் உதிர்ந்த இலையுமே வீடு. சாயம் பூசிய கற்களை வாங்காதீர்கள்; எந்தக் கல்லையும் எலுமிச்சைச் சாற்றால் சோதித்த பின்பே இடுங்கள். மீன் வெளிறினால் மருந்துப் புட்டியைத் தேடுமுன் தரையையும் விளக்கையும் நீரின் வெப்பத்தையும் பாருங்கள்; ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மீன் வளர்ப்பு சலித்துவிட்டால், 1863-இல் லெவிஞ்சு துரை அமைத்த நம் ஏரியிலோ ஓடைகளிலோ அவற்றை விட்டுவிடாதீர்கள். பிற நீர்நிலையின் மீன் அங்குள்ள உயிர்களுக்குக் கேடாகலாம்.

1895-இல் சேசு சபையார் தொடங்கிய செண்பகனூர் திரு இருதயக் கல்லூரியின் அருங்காட்சியகம், இம்மலையின் உயிர்களை உற்றுநோக்கும் வழக்கத்தை நம்மூராருக்கு ஊட்டியது. அவ்வழக்கம் நம் இல்லங்களிலும் தொடரட்டும். நம் கண்ணுக்கு அழகானதெல்லாம் அவ்வுயிருக்கு இதமானது என்று எண்ணி நாம் தவறினோம். சிறுவன் இப்போது தாய்மாமனுக்குக் கடிதம் எழுதியிருக்கிறான்: "மாமா, நான்கு கெண்டைகளும் நலம். தரையை மாற்றிவிட்டோம்."