தட்டிவிட்டால் தீருமா?

காலையில் கணிப்பொறியை இயக்குகிறோம். வட்டில் பிழை இருக்கலாம், சோதிக்க வேண்டும் என்று திரை சொல்கிறது. வேண்டாமென்றால் சில விநாடிகளுக்குள் ஒரு விசையை அழுத்தலாம். நாம் என்ன செய்கிறோம்? அழுத்திவிடுகிறோம்! மறுநாளும் அதே செய்தி, அதே விசை.

எங்கள் துறைக் கணிப்பொறியில் ஒரு பருவம் முழுதும் இதுவே நடந்தது. “எப்போதும் வருவதுதான், தட்டிவிடு” என்றார் மூத்த மாணவர் ஒருவர். நாங்களும் அதையே பாடமாகக் கொண்டோம். ஒருநாள் அந்தச் செய்தி வரவில்லை. திரையில் எதுவுமே வரவில்லை. நான்கு தோழர்களின் திட்டக் கட்டுரைகள் வட்டோடு போயின.

குற்றம் கணிப்பொறியுடையதா? அது நாள்தோறும் சொல்லிக்கொண்டுதானே இருந்தது!

வட்டில் எழுதும் வேலை மின்வெட்டால் பாதியில் நின்றால், விண்டோஸ் அதற்கு இட்ட அடையாளம் அழியாமல் நிற்கும். அதைக் கண்டுதான் அடுத்த முறை சோதனை கேட்கிறது. சோதனையை முடிக்கவிட்டால் பெரும்பாலும் அடையாளம் நீங்கும். முடித்த பின்னும் செய்தி திரும்பத் திரும்ப வந்தால் நோய் ஆழமானது: வட்டின் பரப்பு பழுதாகியிருக்கலாம், இணைப்புக் கம்பி தளர்ந்திருக்கலாம். வட்டு தன் நலிவைத் தானே அளந்து கூறும் ‘ஸ்மார்ட்’ எச்சரிக்கை வந்தாலோ, புது வட்டு வாங்கும் காலம் வந்துவிட்டது என்று கொள்ள வேண்டும்.

எதுவாயினும் முதல் வேலை, கோப்புகளை வேறிடத்தில் பிரதியெடுப்பது. பழுது பார்ப்பது பிறகுதான். மணிக்கணக்கில் நடக்கும் முழுச் சோதனையே நலிந்த வட்டை வீழ்த்திவிடக் கூடும்.

“வகுப்பு காத்திருக்கும்போது சோதனைக்கு நேரமேது?” என்பார்கள். நியாயமான கேள்வியே. மாலையில் வகுப்பு முடிந்ததும் ஓடவிடலாமே! ஒவ்வொரு கணிப்பொறியின் அருகிலும் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். வரும் செய்தியை நாளிட்டு எழுதி வைப்போம். ஒரே செய்தி மூன்று நாள் எழுதப்பட்டால் எவர் கண்ணிலும் படாமற் போகாது.

நோயை மட்டுமன்றி அதன் காரணத்தையும் நாடச் சொன்னார் வள்ளுவர். நாமோ விசையை நாடுகிறோம். தோழர்களே, இனியேனும் தட்டிவிடும் முன் ஒருமுறை படிப்போம்!