பின்வரிசைக் கணினிகள்

கணினியின் மூளையாகிய புராஸஸருக்குத் தலைமுறைதோறும் புதிய கட்டளைகள் சேர்க்கப்படுகின்றன. 2013இல் இன்டெல் வெளியிட்ட ஹாஸ்வெல் வகையில் ஏவிஎக்ஸ் 2 என்னும் கட்டளைத் தொகுதி இடம்பெற்றது. எட்டு எண்களை ஒரே கட்டளையில் கூட்டவல்லது அது. படத்தையும் ஒலியையும் கையாளும் மென்பொருள்கள் இதனால் விரைவடைகின்றன. ஆனால் அதை நம்பியே உருவாக்கிய மென்பொருள், பழைய புராஸஸரில் மெதுவாகவேனும் ஓடும் என எண்ணிவிடாதீர்கள். அறியாத கட்டளை வந்த இடத்திலேயே நின்றுவிடும்.

ஃபெடோரா என்னும் இலவச இயங்குதளத்தை ஏவிஎக்ஸ் 2 உள்ள கணினிகளுக்கே உரியதாக்கலாம் என 2019இல் ஒரு முன்மொழிவு எழுந்து, கடும் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. எதிர்த்தோரிடம் நியாயம் இருந்தது. ‘பழையது’ என்ற சொல்லே இங்கு ஏமாற்றுகிறது. 2020இல் விற்பனைக்கு வந்த மலிவு விலைப் பென்டியம், செலரான்கள் பலவற்றிலும் ஏவிஎக்ஸ் 2 கிடையாது! ஆக, ஒதுக்கப்படுவது முதுமை மட்டுமன்று, ஏழ்மையும்தான்.

இமாமாக நிற்பவர் பின்னால் நிற்கும் முதியோரையும் நோயாளிகளையும் கருதித் தொழுகையைச் சுருக்க வேண்டும். தனியே தொழுபவர் விரும்பிய அளவு நீட்டிக்கொள்ளலாம். இந்த நபிவழியை நம் பிள்ளைகளும் அறிவர். மென்பொருளிலும் இதற்கு வழியுண்டு. 2021இல் வெளிவந்த ஜி.என்.யூ. சி நூலகத்தின் 2.33ஆம் பதிப்பு முதல், ஒரே நிரல் நூலகத்தைப் பல வடிவங்களில் வைத்திருக்கலாம். புராஸஸரின் திறனறிந்து, இயங்கும் வேளையில் உரிய வடிவம் தேர்ந்துகொள்ளப்படும். புதியது பறக்கும், பழையது நடக்கும்.

இதற்கும் விலையுண்டு. ஒவ்வொரு வடிவத்தையும் சோதித்தாக வேண்டும். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸை எழுதத் தொடங்கியது 386 புராஸஸரில்தான். 2012 டிசம்பரில் அந்த 386க்கான ஆதரவையே நீக்கிவிட்டனர். பராமரிப்புச் சுமை அப்படி. அதை நான் குறைகூற மாட்டேன். 2025இல் வந்த ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 10, ஏவிஎக்ஸ் 2 உள்ள புராஸஸரையே கேட்கிறது. நிறுவனங்களின் சர்வர்களுக்கு அது தகும். வீட்டுக்கும் மக்தபுக்கும் அதே அளவுகோலை வைத்து, பழுதில்லாத பொருளைக் குப்பைக்கு அனுப்புவது வீண்விரயமன்றி வேறென்ன?

நன்கொடையாகக் கணினி பெறுவோர், அதன் புராஸஸர் பெயரையும் மென்பொருளின் குறைந்தபட்சத் தேவையையும் முதலில் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13, ஏவிஎக்ஸ் 2 இல்லாத 64 பிட் கணினிகளிலும் இயங்குகிறது.