பாதி மோடம், முழு பில்

2025 செப்டம்பர் 30-ஆம் தேதி அமெரிக்காவில் ஏஓஎல் தன் டயல்-அப் சேவையை மூடியது. அன்றைக்கு என் வகுப்பு நண்பர்கள் வாட்ஸ்அப்பில் அந்த 'கீ...ங்ங்... கர்ர்ர்' சத்தத்தை அனுப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் அந்தச் சத்தத்துக்கு யாரும் சிரிப்பதில்லை. சித்தப்பாவுக்கு இப்போதும் முகம் சுருங்கிவிடும்.

எல்லாவற்றுக்கும் காரணம் 2002-இல் அவர் வாங்கிய ஒரு இன்டர்னல் மோடம். அப்போது அப்பா சார்ஜாவில் இருந்தார். ஐஎஸ்டி பேசிக் கட்டுப்படியாகாது, மெயில் அனுப்பினால் மலிவு என்று சித்தப்பா கணக்குப் போட்டார். செகண்ட் ஹேண்டில் ஒரு பென்டியம் எம்எம்எக்ஸ் கம்ப்யூட்டர், அதற்குள் ஆயிரம் ரூபாய்க்கும் குறைவாக ஒரு மோடம் கார்டு. எக்ஸ்டர்னல் மோடம் அதைப் போல மூன்று மடங்கு விலை சொன்னார்களாம். கார்டை மாட்டினார், இணைப்பும் வந்தது. ஆனால் நாலு நிமிடம், ஐந்து நிமிடத்தில் கட் ஆகிவிடும். மறுபடி டயல் செய்ய வேண்டும். ஒவ்வொரு டயலும் பில்லில் ஒரு கால். கடைக்காரரிடம் போனால் "லைன் சரியில்லை" என்றார். லைன்மேனைக் கேட்டால் "மோடம் சரியில்லை" என்றார். ஊரில் உப்புக்காற்று, வயர் ஜாயின்ட் எல்லாம் பச்சை பிடித்துக் கிடக்கும் என்பதால் சித்தப்பா லைனைத்தான் சந்தேகப்பட்டார். இரண்டு மாத பில் வந்ததும் தாத்தா ஒரே வார்த்தையில் இன்டர்நெட்டுக்குத் தடை போட்டுவிட்டார். அப்பாவுக்குப் பழையபடி இன்லாண்ட்... மன்னிக்கவும், ஏர்மெயில்.

2023 டிசம்பர் 17, 18 மழை நினைவிருக்கும். பக்கத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அதே மழைதான். வீட்டில் கீழே இருந்த பொருளெல்லாம் போனது. பரணில் இருந்தது மட்டும் தப்பியது. அப்படித் தப்பியவற்றில் அந்தக் கம்ப்யூட்டரும், தனியே கவரில் சுற்றி வைத்த மோடம் கார்டும் உண்டு. ஏஓஎல் செய்தி வந்த வாரம் அதை இறக்கிவைத்து, யார் மேல் தப்பு என்று பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன்.

கார்டை மாட்டுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பவர் வயரைப் பிடுங்கிவிட்டு, கேபினட்டின் இரும்பை ஒருமுறை தொட்டுக்கொள்ள வேண்டும் (உடம்பில் இருக்கும் ஸ்டாட்டிக் கரண்ட் கார்டைக் கொன்றுவிடக் கூடாது). காலியான வெள்ளைநிற பிசிஐ ஸ்லாட்டுக்கு நேராகப் பின்னால் இருக்கும் தகட்டைக் கழற்றி, கார்டை இரண்டு ஓரமும் சமமாக அழுத்தி, ஒரு ஸ்க்ரூ போட்டால் முடிந்தது. பின்பக்கம் இரண்டு ஓட்டை இருக்கும். 'லைன்' என்பது சுவரிலிருந்து வரும் வயருக்கு, 'போன்' என்பது டெலிபோனுக்கு.

பழைய ஐஎஸ்ஏ கார்டுகளில் இதற்கு மேல் ஒரு தலைவலி உண்டு. சின்ன ஜம்பர்களை மாற்றி எந்த காம் போர்ட், எந்த ஐஆர்க்யூ என்று நாமே சொல்ல வேண்டும். காம் 1-ம் காம் 3-ம் ஐஆர்க்யூ 4-ஐப் பகிர்ந்துகொள்ளும். மவுஸ் காம் 1-இல் இருந்து, மோடத்தைக் காம் 3-இல் வைத்தால் மவுஸை அசைக்கும்போது இணைப்பு போகும். பிசிஐ வந்தபின் அந்தத் தொல்லை குறைந்தது. அதற்குப் பதிலாக டிரைவர் தொல்லை வந்தது.

விண்டோஸ் 98 கார்டைக் கண்டுபிடித்து "டிரைவர் எங்கே?" என்று கேட்டது. சிடியில் பூஞ்சை. கார்டில் இருக்கும் பெரிய சிப்பின் எண்ணை வைத்து இணையத்தில் தேடி எடுத்தேன். எனக்கு இன்று அது பத்து நிமிட வேலை. 2002-இல் யோசித்துப் பாருங்கள். இன்டர்நெட் கிடைக்க மோடம் வேண்டும், மோடம் வேலை செய்ய டிரைவர் வேண்டும், டிரைவர் இருப்பது இன்டர்நெட்டில்! சித்தப்பா இதற்காகத் திருநெல்வேலிக்கு பஸ் ஏறியிருக்கிறார்.

இங்கேதான் விஷயமே இருக்கிறது. ஒரு முழு மோடத்தில் இரண்டு வேலைக்காரர்கள் உண்டு. ஒருவர் கம்ப்யூட்டர் சொல்லும் கட்டளைகளை வாங்கி, பிழை திருத்தம், சுருக்கம் பார்ப்பவர். இன்னொருவர் எண்களை டெலிபோன் வயரில் போகும் ஒலியாகவும், ஒலியைத் திரும்ப எண்களாகவும் மாற்றுபவர். சித்தப்பா வாங்கிய வகை கார்டில் இந்த இருவருமே கிடையாது! சாஃப்ட் மோடம் என்பார்கள், வின்மோடம் என்றும் சொல்வார்கள். லைனோடு இணைக்கும் பாகமும், ஒலியை மாதிரி எடுக்கும் ஒரு சிப்பும்தான் அதில் இருக்கும். மீதி வேலை முழுவதையும் டிரைவர் மூலமாக நம் கம்ப்யூட்டரின் ப்ராசஸரே செய்ய வேண்டும். விலை குறைந்தது இதனால்தான். தயாரிப்பாளர் இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுக்காமல், அந்த வேலையை நம் வீட்டு ஆள் தலையில் கட்டிவிட்டார். அட்டைப் பெட்டியில் சிறு எழுத்தில் குறைந்தபட்ச ப்ராசஸர் என்று ஒன்று போட்டிருந்தது. சித்தப்பாவின் பென்டியம் சரியாக அந்தக் கோட்டின் மேலேயே நின்றது.

எல்லா இன்டர்னல் மோடமும் இப்படி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஜம்பர் காலத்து ஐஎஸ்ஏ கார்டுகள் பெரும்பாலும் முழு மோடங்களே. மலிவு பிசிஐ கார்டுகளைத்தான் சொல்கிறேன்.

சரி, சோதனை. வீட்டில் இப்போது ஃபைபர்தான், செம்பு வயர் லைன் இல்லை. ஆனால் சித்தப்பா மேனேஜராக இருக்கும் லாட்ஜில் அறைக்கு அறை இன்டர்காம் உண்டு. அந்தப் பெட்டியும் ஒரு குட்டி எக்ஸ்சேஞ்ச்தானே! டயல் டோன் கொடுக்கும், மணியடிக்கும். ஒரு அறையில் பழைய கம்ப்யூட்டர், இன்னொரு அறையில் என் லேப்டாப். லேப்டாப்பில் யுஎஸ்பி-சீரியல் கேபிள் போட்டு, லாட்ஜ் ஆபீசிலேயே கிடந்த ஒரு எக்ஸ்டர்னல் மோடம். அந்த மோடத்துக்கு டிரைவர் எதுவும் தேவைப்படவில்லை. 1981-இல் ஹேஸ் கம்பெனி தன் ஸ்மார்ட்மோடத்தில் கொண்டுவந்த 'ஏடி' கட்டளைகள் இன்றைக்கும் அதற்குப் புரிகின்றன. ஏடி என்று அடித்தேன், ஓகே என்றது. அதன் வயது இருபதுக்கு மேல். என் லேப்டாப்போ விண்டோஸ் 11.

முதல் டயலிலேயே "நோ டயல்டோன்". இது பழைய ஆட்களுக்குத் தெரிந்த பிழை, அந்தக் காலத்தில் 680 என்று வரும். மோடம் எதிர்பார்க்கும் டோன் ஒன்று, இங்கே எக்ஸ்சேஞ்ச் கொடுப்பது வேறொன்று. 'டயல் டோனுக்குக் காத்திரு' என்ற டிக்கை எடுத்துவிட்டாலோ, ஏடிஎக்ஸ்3 என்று கொடுத்தாலோ தீர்ந்தது. இதைத் தெரியாமல் எத்தனை பேர் மோடத்தைத் திருப்பிக் கொடுத்தார்களோ!

அடுத்த முறை சத்தம் போட்டு இணைந்தது. இரு பக்கமும் சாதாரண மோடம் என்றால் உச்சம் 33,600 பிட்தான். அந்த 56 கே என்பது மறுமுனை சேவை நிறுவனம் எக்ஸ்சேஞ்சோடு டிஜிட்டலாக இணைந்திருந்தால் மட்டும், அதுவும் இறங்கும் பக்கத்துக்கு மட்டும். சிலர் "எனக்கு 115200-இல் கனெக்ட் ஆகுது" என்று பெருமை பேசியதும் உண்டு. அது கம்ப்யூட்டருக்கும் மோடத்துக்கும் இடையே உள்ள வேகம். லைனில் வந்த வேகம் இல்லை :-)

இணைப்பைச் சும்மா விட்டால் நின்றது. பெயின்ட் திறந்தேன், தாங்கியது. வின்ஆம்ப்பில் ஒரு பாட்டைப் போட்டு, வேர்டையும் திறந்தேன். கட். மறுபடி இணைத்து மறுபடி செய்தேன், மறுபடி கட். ஆறு தடவையில் ஐந்து தடவை இதே கதை. பிறகு கார்டுக்குப் பதில், பழைய சாமான் கடையில் எடுத்த இன்னொரு எக்ஸ்டர்னல் மோடத்தை அதே கம்ப்யூட்டரின் சீரியல் போர்ட்டில், அதே வயரில் மாட்டினேன். பாட்டு ஓடியது, வேர்டு திணறியது, இணைப்பு ஒரு மணி நேரம் அசையவில்லை. சித்தப்பா அன்றைக்கு மெயில் பார்க்கும்போதெல்லாம் பாட்டுப் போடுவாராம்.

ஆக, மலிவு மோடம் மலிவே இல்லை என்பது என் கட்சி. பதினொன்றாம் வகுப்புக் கணக்குப்பதிவியலில் முதலினச் செலவு, வருவாயினச் செலவு என்று படித்தோமே, அதுதான் இது. முதலினத்தில் இரண்டாயிரம் மிச்சம். வருவாயினத்தில் டெலிபோன் பில்லாக, பஸ் டிக்கெட்டாகப் போனது அதற்கும் மேலே. விளக்கு விஷயம் இன்னும் முக்கியம். எக்ஸ்டர்னல் மோடத்தின் முகப்பில் வரிசையாகச் சின்ன விளக்குகள் இருக்கும். லைன் எடுத்ததா, எதிர்முனை கிடைத்ததா, தகவல் போகிறதா என்று கண்ணால் பார்க்கலாம். கார்டு இருட்டுப் பெட்டிக்குள் கிடக்கும், ஒன்றும் சொல்லாது. கடைக்காரரும் லைன்மேனும் ஒருவரையொருவர் கைகாட்டியபோது சித்தப்பா கையில் ஆதாரம் எதுவும் இல்லாமல் போனது அதனால்தான். ஐப்பசி இடிமழையில் லைன் வழியாக மின்னல் இறங்கினால் எக்ஸ்டர்னலுக்குப் பெரும்பாலும் மோடத்தோடு போகும், கார்டு என்றால் மதர்போர்டும் சேர்ந்து போக வாய்ப்பு அதிகம் என்பது வேறு கதை.

இதையெல்லாம் சொன்னபோது சித்தப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "ஏல, அந்த ஆயிரம் ரூவா கார்டு இல்லன்னா நம்ம வீட்டுக்கு ஏதுல நெட்டு? மூவாயிரத்துக்கு நான் எங்க போவேன்?" என்றார். இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. 1995 ஆகஸ்டில் விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுத்தபோது அது சென்னை மாதிரி பெருநகரங்களில் மட்டும்தான். திருச்செந்தூர்க்காரர் எஸ்டிடி போட்டுத்தான் பிடித்திருக்க முடியும். அப்புறம் பிஎஸ்என்எல்லின் சஞ்சார்நெட் வந்து, நம்மைப் போன்ற ஊர்களில் வீட்டுக்கு இணையம் நுழைந்தது இந்த அரைகுறைக் கார்டுகளின் முதுகில்தான். அதை நான் மறுக்கவில்லை. பெட்டியின் மேல் "பாதி மோடம், மீதி வேலை உங்கள் கம்ப்யூட்டருடையது" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தால் போதும் என்கிறேன். தெரிந்து வாங்கியிருந்தால் பாட்டையாவது நிறுத்தியிருப்பார்.

"அப்போ லைன்மேன் சொன்னதுதான் சரியா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் டீ வாங்கிவரச் சொன்னார்.

இரண்டாவது எக்ஸ்டர்னல் மோடத்துக்கு நான் போட்டது கடன் வாங்கிய அடாப்டர், திருப்பிக் கொடுத்துவிட்டேன். 9 வோல்ட், டிசி அல்ல, ஏசியாகவே வெளியே விடும் பழைய அடாப்டர் யாரிடமாவது சும்மா கிடந்தால் சொல்லுங்கள், வந்து வாங்கிக்கொள்கிறேன்.